பெற்றோர் வாசல்

ஆல்டன்ரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், புதிதாக இடம் கிடைத்தவர்களை வரவேற்கும் நாளன்று ஒரு பெரிய இரும்புக் கதவைச் சாத்துவார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் பெற்றோர், அந்தப் பக்கம் பிள்ளைகள். மணி அடிக்கும். கதவு மூடும். பெற்றோர் அழுவார்கள். அழுகிறவர்களுக்குப் பல்கலைக்கழக முத்திரை பதித்த காகிதக் கைக்குட்டை கொடுப்பார்கள். இந்தச் சடங்கு நூற்றைம்பது வருடப் பழமையானது என்று வரவேற்பு மலர் சொல்கிறது. கதவை வாங்கியது சமீபத்தில்தான். பழமையை அதற்கப்புறம் வாங்கினார்கள்.

டெல்மா ஃபரியாவுக்கு இந்தக் கதவைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவள் எங்கள் கலிஃபோர்னியப் பள்ளத்தாக்கில், பாதாம் தோப்புகளுக்கும் பால் பண்ணைகளுக்கும் நடுவில் இருப்பவள். வயது நாற்பத்தெட்டு. கால்வாயும் சின்னப் பாலமும் வடிவமைக்கிற லைல் ஹாப்குட்டின் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிற வேலை. ஆறு வருடமாக, வேலை விட்டதும் ஊர்ச் சமுதாயக் கல்லூரிக்குப் போய், நுண்கணிதம், இயற்பியல் என்று ஒவ்வொன்றாக முடித்து, கடைசியில் நிலையியலையும் முடித்திருந்தாள். நிலையியல் என்பது அசையாமல் நிற்கிற பொருள்களைப் பற்றிய பாடம். பாலம் ஏன் நிற்கிறது, சுவரில் சாய்த்த ஏணி ஏன் சரியவில்லை என்பதெல்லாம் அதில் வரும். பொறியியலின் மற்ற பாடங்கள் எல்லாம் அதன் தோளில் ஏறித்தான் நிற்கின்றன.

சமுதாயக் கல்லூரி பாதி வழிதான் கொண்டுபோய் விடும். மீதிப் பாதிக்கு வேறொரு பொறியியல் கல்லூரிக்கு மாறிப்போக வேண்டும். லைல் ஹாப்குட்டுக்கு வயதாகிவிட்டது. அவருடைய முழங்கால் அவரைவிட மூத்தது.

"ரெண்டு வருஷம் தாங்குவேன் டெல்மா," என்றார். "பட்டத்தோட வா, என் நாற்காலிய எடுத்துக்கோ. இல்லன்னா ஆபீஸ சாக்ரமென்டோக்காரனுக்கு வித்துட்டு நான் மீன் பிடிக்கப் போறேன். அவன் வந்தா போன் எடுக்க மெஷினத்தான் வைப்பான், ஆமா."

ஆக டெல்மாவுக்கு இரண்டு வருடத்தில் பட்டம் வேண்டும். இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான் பாக்கி.

முதலில் பக்கத்திலிருந்த ரியோ சேகோ மாநிலக் கல்லூரிக்குப் போனாள். அங்கே ஆலோசகராக இருந்த இளைஞன் வாயில் உருளைக்கிழங்கு வறுவலோடு வரவேற்றான்.

"வாழ்த்துகள் மேடம்! நீங்க படிச்சது எல்லாத்தையும் ஏத்துக்கிட்டோம். ஒண்ணுகூட விடல. ஹைஸ்கூல்ல தலையணை உறை தச்சீங்களாமே, அதுக்கும் கிரெடிட் குடுத்திருக்கோம்."

டெல்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப சிவில் இன்ஜினியரிங் எப்ப ஆரம்பிக்குது?"

"அது நிறைஞ்சிடுச்சு. உங்களைச் சேர்த்திருக்கிறது 'பொறியியல் ரசனை'ப் பட்டத்துல."

"அதுல என்ன செய்வாங்க?"

"இன்ஜினியருங்க செய்யறதைப் பாத்துப் பாராட்டுவாங்க."

"அதை வெச்சு ஒரு பாலம் கட்ட முடியுமா?"

அவன் கொஞ்ச நேரம் நேர்மையாக யோசித்தான். "திறப்பு விழாவுக்குப் போகலாம் மேடம்."

சிவில் பிரிவில் இருந்த பேராசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டாராம். அவருடைய இடத்துக்கு ஆள் வேண்டுமா என்று ஆராய ஒரு குழு போட்டிருக்கிறார்களாம். குழுவுக்குச் சம்பளம் கொடுத்ததில் பேராசிரியருக்குப் பணமில்லாமல் போய்விட்டதாம். இதையும் அவன் வறுவல் பொட்டலத்தை மடித்தபடியே சொன்னான்.

மிச்சம் இருந்தது ஆல்டன்ரிட்ஜ். கடலோர மலைமேல் இருக்கிற பெரிய இடம். அங்கே சிவில் பிரிவில் அவளுக்கு நிச்சயமாக இடம் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். வரவேற்பு நாளுக்கு அவளும் கணவன் ஆர்மிந்தோவும் பழைய பிக்கப் வண்டியில் கணவாயைத் தாண்டிப் போனார்கள். ஆர்மிந்தோ பால் ஆலைக்காரன். அத்தி பூத்தாற்போல் எப்போதாவதுதான் லீவு எடுப்பான். எடுத்தால் அன்று வயிறாரச் சாப்பிட வேண்டும் என்பது அவன் கொள்கை.

வாசலில் ஒரு பெண் பேட்ஜ் கொடுத்துக்கொண்டிருந்தாள். டெல்மாவைப் பார்த்ததும் கேட்காமலே பச்சை நிறப் பேட்ஜை எடுத்துச் சட்டையில் குத்தினாள். 'பெற்றோர்' என்று இருந்தது.

"உங்களுக்குப் பையனா, பொண்ணா?"

"நான்தாங்க ஸ்டூடண்ட்."

"ஐயோ, எவ்ளோ ஸ்வீட்! எல்லா அம்மாவும் இப்படித்தான் சொல்றாங்க. தானே காலேஜ் போற மாதிரி இருக்குன்னு."

"இல்லம்மா, நிஜமாவே நான்தான்..."

"விட்டுக் குடுக்கப் பழகணும் மேடம். பன்னெண்டு மணிக்கு அதுக்குத் தனி வகுப்பே இருக்கு."

ஆர்மிந்தோ குறுக்கே வந்தான். "மத்தியானம் சாப்பாடு உண்டா பாப்பா?"

"பெற்றோருக்கு சால்மன் மீன் சார். ஸ்டூடண்ட்ஸுக்கு பீட்சா."

"அப்ப எனக்கும் ஒரு பச்சை குடு," என்றான் ஆர்மிந்தோ. "பேசாம வா டெல். பீட்சா ஊர்லயே கிடைக்கும்."

கல்லூரியைச் சுற்றிக் காட்ட பிரெஸ்காட் என்ற மாணவன் வந்தான். விருந்தினருக்கு முதுகு காட்டக்கூடாது என்பது அங்கே மரபு. ஆகவே வழிகாட்டிகள் எல்லோரும் பின்னோக்கியே நடப்பார்கள். "இது எங்க புது ஆராய்ச்சிக்கூடம்," என்று அவன் கை காட்டியது குப்பைத் தொட்டிகளை. ஆராய்ச்சிக்கூடத்தை இரண்டு கட்டடத்துக்கு முன்னாலேயே தாண்டி வந்துவிட்டார்கள். யாரும் திருத்தவில்லை. எல்லோரும் குப்பைத் தொட்டிகளைப் படம் எடுத்துக்கொண்டார்கள். டெல்மா மட்டும், சிவில் பிரிவின் மூன்றாம் வருடப் பாடங்கள் எப்படி என்று கேட்டாள்.

"சூப்பரா இருக்கும் ஆன்ட்டி. உங்க பையன்கிட்ட சொல்லுங்க, நிலையியல மட்டும் கவனமா படிக்கச் சொல்லுங்க. அது இல்லன்னா இங்க ஒரு அடி எடுத்து வைக்க முடியாது," என்று சொல்லி, பின்னோக்கி ஒரு அடி எடுத்து வைத்து, நீரூற்றில் விழுந்தான்.

பிறகு எல்லோரையும் கதவுக்குக் கூட்டிப் போனார்கள். மேடையில் டாக்டர் பிலிப்பா ஸ்ட்ராண்ட்வெல் நின்றிருந்தார். அவர் 'நம்மவர் உணர்வு'த் துறையின் டீன். வந்தவர்கள் எல்லோரும் நம்மவர் என்று உணரவைப்பதுதான் அந்தத் துறையின் வேலை. உணராதவர்களைக் கவனிக்க இன்னொரு துறை இருந்தது.

"நண்பர்களே," என்றார் டீன், "ஆல்டன்ரிட்ஜ் யாரையும் ஒதுக்காது. நூறு பேர் கதவைத் தட்டினா தொண்ணூத்தி நாலு பேருக்கு நாங்க அன்பா, மரியாதையா, கையால கையெழுத்துப் போட்டு இல்லேன்னு சொல்றோம். அந்த அன்பை நாட்டுல வேற யாரு குடுக்கறாங்க? அதுவும் சமுதாயக் கல்லூரியில இருந்து மாறி வர்றவங்க எங்க உயிர். அவங்க எங்களைவிட வித்தியாசமானவங்க, அதைத்தான் நாங்க கொண்டாடறோம். கொண்டாடறதுக்குத் தனியா ஒரு கட்டடமே கட்டியிருக்கோம், பஸ் ஏறிப் போகணும்."

கை தட்டினார்கள். மணி அடித்தது. மஞ்சள் பேட்ஜ் போட்ட பிள்ளைகள் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். டெல்மாவும் நகர்ந்தாள். காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"மேடம், நீங்க இந்தப் பக்கம்."

"சார், நான் ஸ்டூடண்ட்."

"தெரியும்மா. போன வருஷம் ஒரு அம்மா கதவுல ஏறியே குதிச்சுட்டாங்க." அவர் குரல் கரகரத்தது. "விட்டுத்தான் ஆகணும். பிள்ளைங்க வளரணுமில்ல?"

கதவு மூடியது. பக்கத்தில் நின்ற மனநல நிபுணர், டெல்மாவின் தோளைத் தொட்டு மற்றவர்களிடம் மெதுவாகச் சொன்னார்: "பாத்தீங்களா, இதுதான் முதல் கட்டம். ஏத்துக்க மாட்டாங்க. தானே குழந்தைன்னு நினைப்பாங்க."

டெல்மா திரும்பினாள். ஆர்மிந்தோ கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு என்னடா ஆச்சு?"

"ரொம்ப நல்லாப் பேசிட்டாங்க டெல். நீ வீட்டை விட்டுப் போறத நினைச்சேன், தாங்கல."

"நான் தினம் சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவேன்டா!"

"அது தெரியும். இருந்தாலும்."

அவனைச் சால்மனிடம் ஒப்படைத்துவிட்டு, சமையல்கூடத்தின் பின்வழியாக, ரொட்டி வண்டிகளுக்கு நடுவே புகுந்து, டெல்மா உள்ளே போனாள். அவளுக்கு வேண்டியது ஈடுகாணல் அலுவலகம். வேறு கல்லூரியில் படித்தது இங்கே எதற்கு ஈடு என்று முடிவு செய்கிற இடம் அது. அங்கே திரு. காலிஸ்டர் இருந்தார். ஒல்லியான, ரொம்பவும் பண்பான மனிதர். கெட்ட செய்தி சொல்லும்போது தலையைச் சாய்த்துக்கொள்வார். அவர் தலை நிமிர்ந்து யாரும் பார்த்ததில்லை.

"எல்லாம் சரி மேடம். நிலையியல் ஒண்ணு மட்டும்தான். நீங்க படிச்சது நிலையியல் இல்ல. நிலையியல் மாதிரி ஒண்ணு."

"புத்தகம் ஒண்ணுதானே?"

"புத்தகம் ஒண்ணுதான். அங்க அதைப் படிக்கிறாங்க. இங்க அதோட வாழறோம்."

"வாத்தியாரும் ஒருத்தர்தானே சார்? வாஹே பொகோசியான். திங்களும் புதனும் எங்க ஊர்ல எடுக்கறார். செவ்வாயும் வியாழனும் இங்க வந்து அதையே எடுக்கறார்."

காலிஸ்டர் இன்னும் கொஞ்சம் சாய்ந்தார். "ஆள் ஒருத்தர்தான். ஆனா கணவாயைத் தாண்டி வரும்போது அவர் உயர்ந்துடறாரு."

"சாயங்காலம் திரும்பிப் போகும்போது?"

"அது எங்க அதிகாரத்துக்கு வெளிய நடக்குது மேடம்."

நிலையியல் இல்லாவிட்டால் அடுத்த பாடம் இல்லை. அடுத்தது இல்லாவிட்டால் அதற்கடுத்தது இல்லை. இரண்டு வருடம் மூன்றாகிவிடும். டெல்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சரி. இங்கயே திரும்ப ஒரு தடவ படிச்சா?"

காலிஸ்டர் அதிர்ந்துபோனார். "ஒரே பாடத்தை ரெண்டு தடவ படிச்சு மார்க் வாங்கறது இங்க நேர்மைக் குற்றம்! தெரிய வந்தா மார்க்கை அழிச்சிடுவோம். அதுக்கு மேல கட்டின பாடம் எல்லாம் கூடவே போயிடும்."

"ஆனா ரெண்டும் வேற பாடம்னு இப்பதானே சொன்னீங்க?"

"அதனாலதான் தப்பிச்சீங்க. வேறங்கிற வரைக்கும் உங்களுக்கு ஒரு ஆபத்தும் இல்ல."

டெல்மா எழுந்திருக்கவில்லை. ஆறு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. காலிஸ்டருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். "மேல்முறையீடு ஒண்ணு இருக்கு," என்றார். "பாடம் எடுத்தவரே ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னா ஏத்துக்கலாம். இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

"அவர் சொல்வார். எங்க இருக்கார்?"

"புல்வெளியில. பெற்றோருக்கு லெமனேட் ஊத்திட்டிருக்கார். பகுதிநேர ஆசிரியர்கள் எல்லாரும் இன்னிக்கு அந்தச் சேவையில இருக்காங்க. அவங்களா விரும்பிக் கேட்டது."

சொல்லி அனுப்பியதும் வாஹே பொகோசியான் கையில் ஜாடியோடு அலுவலகத்துக்கு வந்தார். டெல்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. போன ஈஸ்டருக்கு அவள் சுட்டுக் கொடுத்த இனிப்பு ரொட்டியை வகுப்பிலேயே தின்று தீர்த்தவர் அவர். அவருக்குப் பின்னால் டீன் ஸ்ட்ராண்ட்வெல்லும் வந்தார். மலர்ந்த முகம் சுருங்கியது.

"வாஹே," என்றார் டீன், பாசமாக. "உங்க அடுத்த பருவத்துக்கான ஒப்பந்தம் என் மேசை மேலதான் இருக்கு. நாளைக்குப் பாக்கணும். அது வேற விஷயம், அதை இப்ப யோசிக்காதீங்க. மனசாட்சிப்படி சொல்லுங்க. நீங்க அங்க எடுக்கிற நிலையியலும் நம்ம நிலையியலும் ஒண்ணா?"

ஜாடியில் பனிக்கட்டி கலகலத்தது. பொகோசியான் டெல்மாவைப் பார்க்கவில்லை. ஜாடியைப் பார்த்தார்.

"வேற," என்றார்.

"எப்படி வேற? இவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னல் வழியே மலையும் கடலும் தெரிந்தன.

"இங்க... ஜன்னல் பெருசு."

"பாத்தீங்களா!" என்றார் டீன். "இதை ஒரு ஆசிரியர்தான் சொல்ல முடியும்."

வண்டி நிறுத்துமிடத்துக்குப் பொகோசியான் ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

"டெல்மா, முக்காலி கணக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

"ஒரு காலை எடுத்தா?"

"விழுந்துடும்."

"நான் மூணு காலேஜ்ல எடுக்கறேன்மா. மூணையும் சேத்தாதான் ஒரு சம்பளம்." ஜாடியைக் கையிலேயே கொண்டுவந்துவிட்டதைப் பார்த்தார். "லெமனேட் வேணுமா?" என்றார்.

ஆர்மிந்தோ இரண்டு டம்ளர் குடித்தான்.

ஊருக்கு வந்து லைல் ஹாப்குட்டிடம் மூன்று வருடம் என்றாள். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "மூணு. அதுக்கு மேல ஒரு பருவம் கூடினாலும் இல்ல. சாக்ரமென்டோக்காரன் வாரா வாரம் போன் பண்றான். நீதான் எடுக்கற, உனக்கே தெரியும்." ரியோ சேகோவில் பாராட்டத்தான் கற்றுக்கொடுப்பார்கள். அதற்காக அவள் ஆறு வருடம் படிக்கவில்லை. டெல்மா ஆல்டன்ரிட்ஜைத் தேர்ந்தெடுத்தாள்.

இலையுதிர் காலத்தில் முதல் செவ்வாய். ஜன்னல் பெரிதாகத்தான் இருந்தது. பொகோசியான் பலகையில் ஒரு சுவர் வரைந்தார், ஏணி ஒன்றைச் சாய்த்தார், ஏணிமேல் ஒரு ஆள் வரைந்தார்.

"யாராவது இதை முன்னாடி படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். கேட்டது எல்லோரையும். பார்த்தது ஜன்னலை.

"இல்ல சார்," என்றாள் டெல்மா.

"இந்த ஏணி மேல நிக்கறது என் மச்சான். விழுந்தா எனக்குக் கவலை இல்ல. ஆனா எப்ப விழுவான்னு தெரியணும்."

வகுப்பு சிரித்தது. டெல்மா மற்றவர்களைவிடக் கொஞ்சம் முந்திச் சிரித்துவிட்டாள். அடுத்த வாரங்களில் அதையும் சரிசெய்துகொண்டாள். தெரிந்த விடையைத் தெரியாதவள்போல் யோசித்து எழுதுவதுதான் கடினமாக இருந்தது; மற்றபடி பாடம் சுலபம். வகுப்பில் அவள்தான் முதல். நீரூற்றில் விழுந்த பிரெஸ்காட் அதே பாடத்தை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தான். தேறாதவன் திரும்பப் படிக்கலாம். தேறியவள் படித்தால்தான் குற்றம்.

அடுத்த வருட வரவேற்பு நாளில் டீன் ஸ்ட்ராண்ட்வெல் அவளை மேடையில் ஏற்றினார். அவள் சட்டையில் மஞ்சள் பேட்ஜ். 'மாணவர்' என்ற எழுத்து கடைசி வரிசைக்கும் தெரிகிற அளவில் இருந்தது.

"போன வருஷம் இந்த அம்மா இங்க வந்தப்ப இவங்களுக்கு நிலையியல் தெரியாது," என்றார் டீன். "அவங்க கல்லூரி அவங்களுக்குத் தெரியும்னு சொல்லி ஏமாத்தியிருந்தது. நாங்க ஏமாத்தல. தெரியாதுன்னு தைரியமா முகத்துக்கு நேரா சொன்னோம். ஒரே பருவத்துல பாருங்க, வகுப்புல முதல்! ஆல்டன்ரிட்ஜ் மனுஷங்களுக்கு என்ன செய்யும்கிறதுக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?"

கடைசி வரிசையில் பகுதிநேர ஆசிரியர்கள் ஜாடிகளைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்கள். முதலில் தட்டியது பொகோசியான்.

கூட்டத்தில் ஒருவர் கையைத் தூக்கினார். நெங் லோர். எங்கள் பக்கத்து ஊர்க்காரர். ஸ்ட்ராபெரி தோட்டம் வைத்திருப்பவர், ஐம்பத்தைந்து வயது. நல்ல சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார். அதில் பச்சைப் பேட்ஜ் குத்தியிருந்தார்கள்.

"மன்னிக்கணும் மேடம். நானும் நீங்க படிச்ச அதே காலேஜ். அதே பொகோசியான் சார்கிட்டதான் நிலையியல் படிச்சேன். அது இங்க செல்லாதுங்கறாங்க. எனக்கு ஒரு வருஷம் கூடிடும், அவ்ளோ நாள் தோட்டத்தைப் பாக்க எங்க வீட்ல ஆள் இல்ல. நீங்க ரெண்டு இடத்துலயும் உக்காந்து படிச்சவங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. ரெண்டும் ஒண்ணுதானே?"

டீன் புன்னகையை அப்படியே பிடித்துக்கொண்டு டெல்மாவிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தார். மேடைக்குக் கீழே திரு. காலிஸ்டர் நின்றிருந்தார். முதல்முறையாக அவர் தலை நேராக இருந்தது.

ஒன்று என்றால் அவள் ஒரே பாடத்தை இரண்டு தடவை படித்தவள். மார்க் போகும். அதற்கு மேல் இப்போது படித்துக்கொண்டிருக்கிற பாடங்கள் எல்லாம் கூடவே சரியும். லைல் ஹாப்குட்டின் முழங்காலுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. டெல்மா இதைக் கணக்குப் போட அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல மாணவி.

"வேற," என்றாள்.

நெங் லோர் கோபப்படவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் நினைத்தார். "எப்படிங்க வேற?"

டெல்மா அவரைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலே, வகுப்பறைக் கட்டடத்தைப் பார்த்தாள்.

"ஜன்னல் பெருசு," என்றாள்.

"நன்றி மேடம்," என்றார் நெங் லோர். அவர் நிஜமாகவே நன்றி சொன்னார். இவ்வளவு பெரிய இடத்தில் தன் பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி விவரமாகச் சொன்னாளே என்று.

மணி அடித்தது. பச்சைப் பேட்ஜ்களை இந்தப் பக்கம் ஒதுக்கினார்கள். கதவு மூடியபோது நெங் லோர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காவலாளி கைக்குட்டை கொடுத்தார். சால்மனுக்காக லீவு போட்டு வந்திருந்த ஆர்மிந்தோ அவர் தோளில் கை போட்டான்.

"வாங்கண்ணே," என்றான். "முதல்ல அப்படித்தான் இருக்கும். இந்தப் பக்கம்தான் சாப்பாடு நல்லா இருக்கும்."